பதிலுக்கு ஆள் அனுப்பாத அக்கா

வடமராட்சியில் கடலுக்குக் கிட்டிய ஒரு வளவில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, பலெர்மோவில், ஒரேத்தோப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் படிகளைக் கழுவிக்கொண்டிருந்த காலையில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் உயிர்விட்ட எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் தருகிறோம். அக்காவை அறிந்தவர்கள் வாசிக்கவும். அறிந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இன்னும் கவனமாக வாசிக்கவும்.

ஈமக்கிரியையன்று பேசிய ஒவ்வொருவரும் அக்காவை அமைதியானவர் என்றார்கள். பொறுமையே உருவானவர் என்றார் ஒருவர். அதிர்ந்து பேசாதவர் என்றார் இன்னொருவர், மண்டபம் அதிர. நான் முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அமைதியானவர் அல்ல. உங்களோடு கதைப்பதில் கடைசி நாலு வருடங்களாக அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. இரண்டும் ஒன்றென்று நீங்கள் நினைத்தால் நான் என்ன செய்ய.

பிறகு எங்கள் மாமா எழுந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; இந்த நகரத்துத் தமிழ் மன்றத்துக்கு அது தொடங்கிய நாளிலிருந்து தலைவர்; ஒலிவாங்கியைக் கண்டால் குழந்தை பால்போத்தலைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளாலும் பிடிப்பவர். "நான் முன்னின்று நடத்திய அந்த வேலைநிறுத்தத்திலே என் மருமகள் எனக்கு வலது கையாக நின்றார்" என்றார். அக்கா பெட்டிக்குள் கண்மூடிக் கிடந்தபடியால் சொன்னார். உயிரோடு இருந்திருந்தால் அக்கா ஒரு பார்வை பார்த்திருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் மாமா நாலு வருடமாக வீதியின் மறுகரையால் நடந்தவர்.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். அழகாக எழுதத் தெரியும் என்று என்னிடம் இந்தக் கட்டுரையைத் தந்தார்கள். அழகு வரும் இடத்தில் வரட்டும்.

எங்கள் அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தார்; நேரத்தோடு கண்ணை மூடிவிட்டார். அக்கா படிப்பை விட்டு, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்கு நின்று, அண்ணாவையும் என்னையும் படிப்பித்தார். அந்தக் கடை முகாமையாளருக்குத் தராசுத் தட்டில் சுண்டுவிரல் வைக்கிற பழக்கம். ஒருநாள் வரிசையில் நின்ற சனமெல்லாம் கேட்க, "ஐயா விரலை எடுங்கோ, அரிசிக்கு நகம் முளைச்சிருக்கு" என்று அக்கா சொன்னாராம். வேலை போய்விட்டது. அம்மா அழுதார். அக்கா அடுத்த கிழமை வேறொரு கடைக்குப் போனார். இவர்தான் நீங்கள் சொல்லும் பொறுமைசாலி.

அக்காவைக் கட்டிய அத்தானை ஒரு பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை. அப்போது மகளுக்கு ஒன்பது வயது. அவளைக் கொழும்பில் அண்ணாவின் பொறுப்பில் விட்டுவிட்டு அக்கா புறப்பட்டார். ஜேர்மனி என்று சொன்ன ஏஜென்ற் இறக்கிவிட்ட இடம் பலெர்மோ. "என்ன தம்பி, கடல் தெரியுது?" என்று அக்கா கேட்க, "ஜேர்மனியிலையும் கடல் இருக்கு அக்கா" என்றுவிட்டு அவன் புகையிரதத்தில் ஏறிவிட்டான். பூகோளம் தெரியாதவரை ஏமாற்றலாம், அக்காவுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் அவருக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை. இரண்டு வருடம் கழித்து நான் வந்தபோது, போர்கோ வெக்கியோவில் மீன்கடைக்கு மேலே ஒரு அறை இருந்தது. அதில் அக்காவும் மூன்று பெண்களும் இருந்தார்கள். நான் ஐந்தாவது ஆள்.

வேலை, பொலித்தெயாமா நாடக அரங்கின் முன்றலைப் பார்த்த கட்டடத்தில், ஐந்தாம் மாடி. வழக்கறிஞர் ஒருவரின் வீடு. அந்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, அக்காவை "மரியா" என்று கூப்பிட்டார், முன்பு வேலை செய்தவளின் பெயர் மரியா என்பதால். "இவள் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று விருந்தாளிகளிடம் சொல்வார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு மின்தூக்கியில் ஏற உரிமை இல்லை. வாசலில் தகட்டில் எழுதியிருந்தது: மின்தூக்கி குடியிருப்போருக்கு, வேலைக்காரருக்கும் சாமான்களுக்கும் பின்படி. சிஞ்ஞோராவின் நாய் மின்தூக்கியில் போகும். நாயைக் கொண்டுபோகும் அக்கா மின்தூக்கியோடு மேலே வரும் வாசல் காவலாளியிடம் அதன் கயிற்றைக் கொடுத்துவிட்டு, பின்படியால் ஐந்து மாடி இறங்கி, கீழே கயிற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழு வருடம் அப்படிச் செய்தார். நாங்களும் எங்கள் எங்கள் கட்டடங்களில் செய்தோம். செய்துவிட்டு, சிஞ்ஞோரா நத்தார்ப் பண்டிகைக்குத் தந்த பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுச் சடங்குகளுக்குப் போனோம்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. இருக்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், கல்யாணவீடு என்றால், வேலைக்குப் போகாமல் விடுவதில்லை. பதிலுக்கு ஒரு ஆளை அனுப்புவோம். தங்கச்சியை, மச்சாளை, சித்தப்பாவின் மகளை. "வீட்டுக்கு ஆள் விட்டாச்சோ?" என்று கேட்காமல் ஒருவரும் தலையிடிக்குக்கூடப் படுத்ததில்லை. ஒரு வீட்டை விட்டால் அது இன்னொரு குடும்பத்தின் கைக்குப் போய்விடும் என்ற பயம். சிஞ்ஞோராமாருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. மரியா வராவிட்டால் இன்னொரு மரியா வருவாள்.

நாலு வருடங்களுக்கு முன் இத்தாலிய அரசாங்கம் ஒரு கதவைக் கொஞ்சக் காலத்துக்குத் திறந்தது. "இவர் என்னிடம் வேலை செய்கிறார்" என்று வேலை கொடுப்பவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால், பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கிடைக்கும். பெர்மெஸ்ஸோ கிடைத்தால் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வரவழைக்கலாம். அக்காவின் மகளுக்குப் பதினேழு. இன்னும் நாலு மாதம் இருந்தது. அக்கா படிவத்தை வாங்கி, தன் பகுதியை நிரப்பி, சாப்பாட்டு மேசையில் சிஞ்ஞோராவின் கோப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். பார்ப்போம் என்றார் சிஞ்ஞோரா. மூன்று கிழமை பார்த்தார். எல்லா வீட்டிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு மரியாவுக்குக் கையெழுத்து வைத்தால் அவளுக்கு லீவும் வரும், வாயும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில்தான் தேவகி விழுந்தாள். தேவகி மொரீசியஸ் தமிழ்ப் பெண்; தமிழில் கும்பிடத் தெரியும், கதைக்கத் தெரியாது; எங்களோடு இத்தாலியனில் கதைப்பாள். அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில், வழக்கறிஞரின் தங்கை வீட்டில் வேலை. தண்ணீர்ப் போத்தல் கட்டு இரண்டைத் தூக்கிக்கொண்டு பின்படியில் ஏறும்போது, மேலேயிருந்து கழுவி வந்த ஈரத்தில் வழுக்கி ஒரு சுற்றுப் படி முழுக்க உருண்டாள். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. குப்பை கொட்ட வந்த அக்கா கண்டு, அவளைத் தூக்கி, அம்புலன்சுக்குச் சொல்லி, கூடப் போனார். வைத்தியசாலையில் இருந்து கேட்டபோது மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா சொன்ன பதில்: "அந்தப் பெண் என்னிடம் வேலை செய்யவில்லை. யாரையோ பார்க்க வந்தவளாக இருக்கும்." ஆறு வருடம் அந்தச் சிஞ்ஞோராவின் கட்டிலை விரித்தவள் தேவகி.

தேவாலயம் ஒன்றின் பின்னறையை, ஞாயிறு பின்னேரம், ஒரு பாதிரியார் எங்களுக்குத் திறந்துவிட்டார். எங்கள் ஆட்களும் மொரீசியஸ் ஆட்களும் முதன்முதலாக ஒரே அறையில் இருந்தோம், நடுவில் ஒரு பாதை விட்டு. அக்கா எழுந்து, கையெழுத்து வரும்வரை ஒருவரும் வேலைக்குப் போகக்கூடாது என்றார். மின்தூக்கித் தகடு கழட்டப்பட வேண்டும் என்றார்.

மாமா எழுந்தார். "பிள்ளை, நாங்கள் வந்த ஆக்கள். உரிமை எண்டெல்லாம் கதைக்க இது எங்கடை ஊரே?"

"ஊரிலை கதைச்சனீங்களோ மாமா?" என்றார் அக்கா.

சிரிப்பு எழுந்தது. மாமாவுக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று.

"லிப்ற் ஒரு பிரச்சினையே? ஏறி இறங்கினால் உடம்புக்கும் நல்லது தானே."

"அப்ப நாளைக்கு நீங்கள் தேவகியைப் போய்ப் பாருங்கோ. அவவின்ரை உடம்பு எவ்வளவு நல்லா இருக்கு எண்டு."

கைகள் உயர்ந்தன. பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். எல்லாக் கையும் உயர்ந்துவிட்டதைப் பார்த்த மாமா, தன்னுடையதையும் உயர்த்தி, "அப்ப தலைவர் எண்ட முறையிலை நான் அறிவிக்கிறன்" என்றார். மாமாவின் தலைமை அவ்வளவுதான்.

திங்கள் காலை முன்றல் நிறைந்தது. அக்கா திருவிழா ஊர்வலத்துக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு போனார். அட்டைகளில் இத்தாலியனில் எழுதியிருந்தது: நாங்கள் இங்கே வேலை செய்கிறோம். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மணி பத்தானது, பதினொன்றானது. ஒரு சிஞ்ஞோராவும் பதறி ஓடிவரவில்லை. ஒரு காரும் வந்து நிற்கவில்லை. அக்காவுக்கு அது விளங்கவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து சுற்றவரப் பார்த்தாராம். கட்டடங்களின் மாடங்களில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிகள் துடைபட்டுக்கொண்டிருந்தன. அந்த ஐந்தாம் மாடியில் ஒருத்தி கம்பளத்தைத் தொங்கவிட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒருத்தி நான்.

சற்று நேரத்தில் மணி அடித்தது. முன்வாசல் மணி. திறந்தால், சேலையோடு அக்கா. யாரோ வைத்தியர் ஏறும்போது அவருக்குப் பின்னால் மின்தூக்கியில் ஏறி வந்திருக்கிறார்.

"உன்னை இஞ்சை ஆர் விட்டது?" என்றார்.

"மாமாதான். வீட்டைப் பிடிச்சு வைக்கட்டாம். பெட்டையின்ரை பேப்பர் அலுவல் கிடக்கெல்லே அக்கா."

"அப்ப உன்ரை வீட்டிலை ஆர்?"

"மாமாவின்ரை மகன்ரை பெண்சாதி."

"அவளின்ரை வீட்டிலை?"

"அவளின்ரை தங்கச்சி."

அக்கா கதவுநிலையில் சாய்ந்தார். சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். "அப்ப இண்டைக்குப் பலெர்மோவிலை ஒரு தூசியும் மிஞ்சியிராது," என்றார். "நாங்கள் கீழை நிண்டு ஆருக்கடி கத்தினனாங்கள்?"

உள்ளேயிருந்து சிஞ்ஞோராவின் குரல் வந்தது: "மரியா, யார் அங்கே?"

என்னைத்தான் கூப்பிட்டார். அன்று காலைதான் அந்த வீட்டுக்கு வந்த என்னை. நான் "ஓம்" என்பதுபோலத் திரும்பியும் விட்டேன்.

"பாத்தியே," என்றார் அக்கா, மெதுவாக. "ஏழு வரியம் நான் இருந்த இடம் உனக்குக் காத்தாலை எட்டு மணிக்குக் கிடைச்சிட்டுது. ஏப்ரனைக் கழட்டு."

கழட்டினேன். அதை வாங்கி நாலாய் மடித்து, வாசல் மேசையில், சாவிகள் போடும் வெள்ளித் தட்டில் வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து மின்தூக்கியில் ஏற்றினார். கீழே காவலாளி கதிரையை விட்டு எழும்பினான். அக்கா அவனுக்கு இத்தாலியனில் காலை வணக்கம் சொன்னார், குடியிருப்பவர் சொல்கிற மாதிரி.

மாமாவிடம் போய்க் கேட்டபோது அவர் திகைத்துப்போனார். நடிக்கவில்லை, உண்மையாகவே திகைத்தார். "வேலைநிறுத்தம் எண்டால் ஆள் விடக்கூடாது எண்டு நீ சொல்லேல்லையே பிள்ளை." சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினீர்கள். வேலைக்குப் போகாமல் நிற்கிறோம் என்று சிஞ்ஞோராவை எதிர்த்து வந்தவர்கள், சிஞ்ஞோரா பாவம் என்று ஆளும் விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு வேலைநிறுத்தம் நடந்திருக்குமா என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. கண்ணாடி அவ்வளவு பளபளத்த வேலைநிறுத்தம்.

அக்கா அன்று பின்னேரமே வீடு வீடாகப் போனார். போர்கோ வெக்கியோ, பிறகு கபோச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைகள். சொன்னது ஒன்றைத்தான்: "நாளைக்கு நீங்கள் தனிய வரவேண்டாம். உங்களுக்குப் பதிலுக்குப் போகக்கூடிய ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவையை முன்னுக்கு இருத்துங்கோ." தேவகி ஊன்றுகோலோடு ஒரு கதிரையில் இருந்து மொரீசியஸ் ஆட்களுக்கு அதையே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை முன்றலில் இடமில்லை. மச்சாள்மார், சகலன்மார், கைக்குழந்தைகள், ஊரிலிருந்து போன கிழமை வந்து இன்னும் இத்தாலிய மொழியில் தண்ணீர் கேட்கத் தெரியாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அன்றுதான் வேலைநிறுத்தம் தொடங்கியது. பதினொரு மணிக்கு முதலாவது சிஞ்ஞோரா வந்தார். புதன்கிழமை கார்கள் வந்தன. கண்ணாடியை இறக்கி, "மரியா, மரியா" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை, திரும்பினால் யாரை என்று தெரியாதே. பட்டுக் கையுறை போட்ட பெண்கள் சொந்த நாயைத் தாங்களே நடத்திக்கொண்டு வந்தார்கள். நாய்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தன. எங்கள் அறைக்குக் கீழே மீன் விற்கிற பெண் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்து, இடுப்பில் கைவைத்து நின்று, "முப்பது வருடம் இந்த மாடங்களைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன், இவ்வளவு அழுக்காக இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அழகாக இருக்கிறது" என்றாள்.

அந்த மூன்று நாட்கள் நாங்கள் மனிதராக இருந்தோம். இது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கோப்பி வாங்கி மாறி மாறிக் குடித்தோம். நடுவில் விட்ட பாதை காணாமற்போனது. தேவகியின் ஆட்கள் மேளம் கொண்டுவந்தார்கள். யாரும் யாருடைய வீட்டையும் பிடித்து வைக்க நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கறிஞர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். படிவம் கையில் இருந்தது. நிரப்பியிருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. மீன்பெட்டிகளுக்கு நடுவில், சப்பாத்து நனையாத இடம் தேடி நின்றுகொண்டு, மெல்லிய குரலில் சொன்னார். தான் கையெழுத்திடுவார். இன்றே. மகளை வரவழைக்கிற அலுவலையும் தன் காரியாலயமே பார்க்கும். பதிலுக்கு அக்கா இரண்டு வரி எழுதித் தரவேண்டும்: தேவகியை அந்தப் படியில் தான் காணவில்லை, அவள் அந்தக் கட்டடத்தில் வேலை செய்ததாகத் தனக்குத் தெரியாது. தேவகிக்கு வேறு சாட்சி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை வரை யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளில் எங்கள் அறைக்கு வராதவர்கள் யார்? ஒருவர் பின் ஒருவராக வந்தீர்கள். அவளுக்குக் கால் எப்படியும் சரிவராது என்றீர்கள். அவள் எங்கள் ஆள் இல்லை என்றீர்கள். இரண்டு வரிதானே என்றீர்கள். மாமா கட்டிலில் இருந்துகொண்டு, "உன்ரை பெட்டையை விடப் பெரிசோ அந்த மொரீசியஸ்காரி?" என்று கேட்டார். எல்லோரையும் திட்ட எனக்கு உரிமை இல்லை. நானும் சொன்னேன். தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "எழுதிக் குடு அக்கா. பிள்ளைக்காக."

"நான் கண்டனான் எல்லே," என்றார் அக்கா.

உரிமை, நீதி என்று ஒரு பிரசங்கமும் இல்லை. கண்டனான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவர் முன்றலில் போய் இருந்தார். வழக்கறிஞர் தூரத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்தக் கிழமை முடிவதற்குள் சிஞ்ஞோராமார் உடைந்தார்கள். ஒரு வீட்டில் தொடங்கி மாடி மாடியாக, கட்டடம் கட்டடமாகக் கையெழுத்து வந்தது. என் சிஞ்ஞோரா முன்றலிலேயே, காரின் மூடியில் படிவத்தை வைத்து எழுதினார். மூன்றாம் மாடிக்காரிக்கு, அக்காவின் வாக்குமூலம் பதிவானபின், தேவகியைத் தெரியும் என்று ஞாபகம் வந்தது. தகடு கழன்றது. இன்று இந்த மண்டபத்தில் பெர்மெஸ்ஸோவைப் பைக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறீர்களே, அதில் கணக்கற்ற பேருடையது அந்தக் கிழமைக் கையெழுத்தால் வந்தது. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் விரலடையாளம் கொடுக்க வரிசையில் நின்றபோது புதுச் சட்டை போட்டிருந்தீர்கள்.

அக்காவுடையது வரவில்லை. அவர் வேலைக்குத் திரும்பிப் போனபோது ஐந்தாம் மாடிக் கதவைத் திறந்தவள் மாமாவின் மகனுடைய மனைவி. மூன்று நாளாக வேலையில் இருந்தாள். படிவமும் கையெழுத்தாகி இருந்தது, அவள் பெயருக்கு.

"வீட்டைப் பிடிச்சு வைக்கத்தான் விட்டனான்," என்றார் மாமா. "சிஞ்ஞோரா அவளை விடமாட்டன் எண்டு நிக்கிறா. நான் என்னெண்டு போய்ச் சொல்ல?"

மாமா, நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். கட்டுரை முடியவில்லை, மடிக்க வேண்டாம்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. அன்றிலிருந்துதான் அமைதியானார். ஒரேத்தோவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், தனியாக வாழ்பவர், அக்காவுக்கு வேலை கொடுத்தார். முதல் நாளே என்ன பெயர் என்று கேட்டு, மூன்று தரம் சொல்லிப் பழகிக்கொண்டார். கேட்காமலே கையெழுத்தும் போட்டார். ஆனால் தாள்கள் ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்குப் போய் வந்து பெர்மெஸ்ஸோ அக்காவின் கைக்கு வந்தபோது, மகளுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். குவெஸ்தூராவில் அலுவலர் பிறந்த திகதியைப் பேனாவால் தட்டிக் காட்டினார். அக்கா "சரி" என்றார். வெளியே வந்து, தெருக்குழாயில் முகத்தைக் கழுவி, பஸ் ஏறினார்.

மகள் ஒரு வருடம் தாயோடு கதைக்கவில்லை. அக்கா ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பார், அண்ணா எடுப்பார், "வெளியிலை போட்டாள்" என்பார். அக்கா பின்னேரத்தில் ஆசிரியை வீடும், காலையில் படிகளும் கழுவினார். முன்படிகள். கல்யாணவீடுகளுக்கு வருவார், மாலையைக் கொடுப்பார், சாப்பிடாமல் போவார். நீங்கள் அதைத் தடிப்பு, தலைக்கனம் என்றீர்கள். கடைசிக் காலையில் அவருக்கு ஒரு சுகவீனமும் இருக்கவில்லை. முதலாம் மாடியில் ஒரு கிழவரோடு வானிலை பற்றிக் கதைத்தாராம். இதயம் என்றார்கள் வைத்தியர்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இவ்வளவையும் எழுதிவிட்டு, நன்றி சொல்லவேண்டிய இடத்துக்கு வந்து நின்றபோது, இருபத்தெட்டாம் நாள், மகள் வந்து இறங்கினாள். இருபத்தொரு வயது, விருந்தாளி விசா. குசினி மேசையில் இந்தக் கையெழுத்துப் பிரதியை வாசித்தாள். நன்றிப் பட்டியலில் தேவகி, ஆசிரியை, பிரேதம் போகையில் கடையைப் பூட்டிய மீன்காரி என்று மூன்று பேரைத்தான் எழுதியிருந்தேன். மற்ற ஒருவருக்கும் இடமில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

"சின்னம்மா, ஒண்டு விட்டிட்டியள்," என்றாள். "அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்குப் போன் எடுத்தவ."

எனக்கு அது தெரியாது.

"கண்டதைக் காணேல்லை எண்டு எழுதச் சொல்லுகினம், நீ என்ன சொல்லுறாய் எண்டு கேட்டவ. நான் அழுதனான். எழுதுங்கோ அம்மா, எழுதிப்போட்டு என்னைக் கூப்பிடுங்கோ எண்டனான்."

"அதுக்கு அக்கா?"

"போன் காட் முடியுது எண்டு சொல்லி வைச்சிட்டா."

அவள் வந்திறங்கிய அன்று தேவகி வந்து, இழுக்கிற காலோடு நின்று, அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவள். "அவவைக் கண்டாப்பிறகு எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை," என்றாள். பிறகு, "உங்கடை மாமாவின்ரை பேரையும் போடுங்கோ," என்றாள்.

"உனக்கென்ன விசரே? எதுக்கு?"

"போடுங்கோ. எல்லாரையும் போடுங்கோ. ஆனால் அந்த மூண்டு பேரோடை இல்லை." பேனாவை என்னிடமிருந்து வாங்கி, அந்த வேறு பட்டியலுக்கு ஒரு தலைப்பை அவளே எழுதினாள். அதை மாற்றாமல் அச்சிடுகிறோம்.

அக்காவோடு நின்ற தேவகிக்கும், ஒரேத்தோ ஆசிரியை அம்மாவுக்கும், மீன்கடைப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அடுத்த பக்கத்தில் உங்கள் எல்லோருடைய பெயர்களும், ஒன்றும் விடுபடாமல், இருக்கின்றன. மேலே அவள் எழுதிய தலைப்பு: "நாங்கள் சொன்னதைக் கேளாமல் விட்டதற்காக அம்மாவுக்கு நன்றி சொல்பவர்கள்." முதலாவதாக என் பெயரை நான் எழுதினேன். மாமாவுடையது இரண்டாவது. கடைசிப் பெயர் அவளுடையது.